வட்டத்தைத் தாண்டிய கால்

குரு என்றால் தாடி, சீடன் என்றால் குடுமி என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் இப்போதே திரும்பிப் போய்விடலாம். இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்து நாலு. குருவுக்கு நாற்பத்தொன்று.

சீடர் பெயர் அன்சாரி. புதுச்சேரியில் உப்புக்காற்று நடனக் குழுவுக்கு வெளிச்சம் போடுகிறவர். குருவின் பெயர் வேதவல்லி. அந்தக் குழுவின் ஆட்டங்களை அமைப்பவர். சதங்கை கிடையாது, பட்டுப்புடவை கிடையாது, சாமி கதையும் கிடையாது. இன்றைய மனுஷர் படும் பாட்டை இன்றைய உடம்பால் ஆடுகிற குழு அது. வேதவல்லியை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள்.

அன்சாரி அதற்கு முன்னால் கல்யாண மண்டபங்களில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மாஸ்டரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நேரே அவரிடம் போனார்.

"வெளிச்சம் போடத் தெரியும் மாஸ்டர். எதுக்குப் போடறோம்னு தெரியலை. சொல்லித் தர்றீங்களா?"

"விளக்கைத் தொடாம உட்கார முடியுமாண்ணே?"

"எவ்வளவு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

ஒரு வருஷம் உட்காரவைத்தார். மனுஷரும் சளைக்காமல் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் கைக்கு விளக்கு வந்தது. வந்தபின் ஊர் பேசுகிற அளவுக்கு வெளிச்சம் போட்டார். பேர் வந்தால் கூடவே ரோஷமும் வருமே, அதுவும் வந்தது. இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அன்று சாயங்காலம் புது ஆட்டத்தின் முதல் காட்சி. மதியம் கடைசி ஒத்திகை நடந்தது.

ஆட்டத்தின் முடிவில் ஆறு பேர் மேடையின் பின்பக்கம் வரிசையாக விழுந்து கிடப்பார்கள். மேடை முழுக்க இருட்டு. முன்பக்கத்தில், விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, தரையில் ஒரே ஒரு வெளிச்ச வட்டம். மாட்டுவண்டிச் சக்கரம் அகலம் இருக்கும். ஆறு பேரில் ஒருத்தி மட்டும் எழுந்து, இருட்டிலிருந்து பாய்ந்து, அந்த வட்டத்தில் வந்து இறங்க வேண்டும். அந்த ஒருத்தி செம்மலர். அந்தப் பாய்ச்சலை அவளும் மாஸ்டரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கியிருந்தார்கள். அதற்காகவே அவள் இரண்டு சினிமா வாய்ப்பை வேண்டாம் என்று சொன்னவள்.

செம்மலர் பாய்ந்தாள். வட்டத்துக்கு மேலேயே பறந்து, அதைத் தாண்டி அந்தப் பக்கத்து இருட்டில் போய் இறங்கினாள். கண்ணில் வெளிச்சம் அடித்திருந்ததால் எதிரே விளிம்பு தெரியவில்லை. ஒரு கால் பலகையில் பட்டது. இன்னொரு கால் வெறும் காற்றில் போனது. கீழே ஆளுயரப் பள்ளம். ஓரத்துச் சட்டத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்ததால் பிழைத்தாள்.

"ஐயோ!" என்று அரங்கமே கத்தியது. அன்சாரியும் கத்தினார். ஆனால் அவர் கத்தியது வேறு.

"மூணடி தள்ளி இறங்கிட்டியேம்மா! வட்டம் கண்ணுக்குத் தெரியலையா?"

செம்மலர் ஊர்ந்து மேலே வந்து உட்கார்ந்தாள்.

"நான் இறங்க வேண்டிய இடத்துலதான் இறங்கினேண்ணே. வட்டம்தான் தப்பான இடத்துல இருக்கு."

"நேத்து நீ வந்து நின்ன இடத்துலதான் வட்டத்தை வச்சேன். தரையில டேப் ஒட்டியிருக்கு, வந்து பாரு."

"நேத்து நான் பாயலையே. சும்மாதானே காட்டினேன்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆடுகிறவர்கள் எல்லா ஒத்திகையிலும் முழு மூச்சாக ஆட மாட்டார்கள். ஆடினால் உடம்பு தாங்காது. பாய வேண்டிய இடத்தில் நாலு எட்டு நடந்து, கையை வீசி, 'இங்கே பாய்ச்சல்' என்று காட்டிவிட்டுப் போவார்கள். சும்மா காட்டறது என்று அதற்குப் பெயர். நடந்து போய்ச் சேர்கிற இடம் வேறு, பறந்து போய்ச் சேர்கிற இடம் வேறு. முந்தின நாள் செம்மலர் நடந்து காட்டிய இடத்தில் அன்சாரி விளக்கைத் திருப்பி, திருகை இறுக்கி வைத்துவிட்டார்.

"அப்ப அதை நேத்தே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

செம்மலர் அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வயசில் பெரியவர், எல்லோரும் நிற்கிறார்கள் என்று விழுங்கிவிட்டாள்.

அவள் விழுங்கியது என்னவென்று அன்சாரிக்குத் தெரியும். முந்தின நாள் அவளை ஒரே இடத்தில் கால் கடுக்க நிற்கவைத்து, "பாயறதெல்லாம் வேணாம்மா, சும்மா காட்டு போதும், எனக்கு நேரமாகுது" என்றவர் அவரேதான். அதைச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் வாய் லேசில் திறக்குமா? திறந்தது. வேறு ஒன்றைச் சொல்வதற்காகத் திறந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

ஆடிப் பிழைக்கிற ஒருத்தியைப் பார்த்து அந்தப் பழமொழியைச் சொல்வது செருப்பால் அடிப்பதற்குச் சமம். செம்மலரின் கண் நிரம்பியது. ஆனால் அவள் அழவில்லை. அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

"வட்டத்தை மாத்தலைன்னா நான் பாய மாட்டேன் மாஸ்டர்."

"வட்டத்தை மாத்தினா நான் விளக்கு போட மாட்டேன் மாஸ்டர்."

இரண்டு பேரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் மேடையோரம் குத்தவைத்து உட்கார்ந்து செம்மலரின் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீக்கம் இல்லை.

"வேற வழி இருக்கா?" என்று கேட்டார்.

அன்சாரி தயாராக இருந்தார். "நித்திலா இருக்காளே. மாத்து ஆளாத்தானே அவளைப் பழக்கி வச்சிருக்கீங்க? இன்னைக்கு அவ ஆடட்டும்."

நித்திலா பயந்துபோய்ச் செம்மலரைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள்.

"நான் எப்படிண்ணே..."

"பாய்ஞ்சு பாரு நித்திலா," என்றார் மாஸ்டர்.

விளக்கெல்லாம் அணைந்தது. வட்டம் மட்டும் எரிந்தது. நித்திலா எழுந்து பாய்ந்தாள். குட்டைப் பாய்ச்சல். ஆனால் வட்டத்தின் நடுவில் கச்சிதமாக வந்து இறங்கினாள். மேலே விழுந்த வெளிச்சமும் சுற்றி நின்ற இருட்டும் பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தன.

"இதுதான் மாஸ்டர்! இம்மி பிசகலை பாருங்க!"

யாரும் கைதட்டவில்லை. செம்மலர் எழுந்து போய் முழங்கால் உறையைக் கழற்றிப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

"எல்லாரும் போய் டீ குடிச்சுட்டு வாங்க," என்றார் மாஸ்டர்.

போனார்கள். அன்சாரி மட்டும் நின்றார். ஜெயித்த மாதிரி இருந்தது. ஆனால் ஜெயித்தவனுக்கு உள்ளங்கை ஏன் வேர்க்க வேண்டும் என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது.

"அந்த வட்டத்தை மூணடி முன்னாடி தள்ளவே முடியாதாண்ணே?"

"தள்ளலாம். தள்ளினா விளிம்புல பட்டு வெளிச்சம் தெறிக்கும். முன்வரிசையில இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் தெரியும். இருட்டு செத்துப்போயிடும். அந்த இருட்டுக்காக ரெண்டு நாள் ஏணியிலயே கிடந்தேன் மாஸ்டர்."

"செம்மலர்?"

"அடுத்த ஊர்ல ஆடட்டும்."

முதல் காட்சியில் யார் பாய்கிறாளோ, அப்புறம் எந்த ஊரிலும் அவளுடையதுதான் அந்தப் பாய்ச்சல். இது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அன்சாரிக்கும் தெரியும். மாஸ்டர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தாலாவது பதிலுக்குப் பேசியிருக்கலாம். பேசாமல் நிற்கிறவரிடம் என்ன பேசுவது?

"ஒரே ஒரு கேள்வி மாஸ்டர். வெளிச்சம் ஆடறவளுக்குப் பின்னாடி ஓடணுமா, ஆடறவ வெளிச்சத்துக்குள்ள வந்து நிக்கணுமா? நீங்க சொல்றதைக் கேட்டுக்கறேன். ஆனா இன்னைக்கு எனக்குப் பதில் தெரிஞ்சாகணும்."

மாஸ்டர் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"விளக்கு மேஜைக்குப் போங்கண்ணே."

விளக்கு மேஜை அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்தது. அன்சாரி போய் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் அணைங்க. உங்க வட்டத்தை மட்டும் போடுங்க."

போட்டார். மாஸ்டர் வட்டத்தைக் கடந்து பின்பக்க இருட்டுக்குள் நடந்து போனார். இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நான் பாயப் போறேன்."

அன்சாரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. மாஸ்டரின் வலது கணுக்காலில் இரும்புத் தகடு இருக்கிறது. மேடையில் ஆடும்போது ஒடிந்த கால் அது. இன்னொரு தடவை ஒடிந்தால் ஆட்டம் கிடக்கட்டும், நடக்கிறதே சந்தேகம் என்று டாக்டர் சொன்னபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டவர் அன்சாரி. அன்றிலிருந்து மாஸ்டர் பாய்ந்ததில்லை.

"விளையாடாதீங்க மாஸ்டர்."

"ஏன், வட்டம் சரியான இடத்துலதானே இருக்கு?"

"உங்களுக்கு அது சரியா இருக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எங்க வந்து இறங்குவீங்க?"

"எனக்கே தெரியாதுண்ணே. பாய்ஞ்சு ரொம்ப வருஷமாச்சு."

"அப்ப முதல்ல நடந்து காட்டுங்க."

"காட்டினா போதுமா?"

முந்தின நாள் அன்சாரியே சொன்ன வார்த்தை அது.

"மூணு எண்ணிட்டுப் பாயறேன்," என்றது குரல்.

"மாஸ்டர்!"

"ஒண்ணு."

அன்சாரி எழுந்து நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மாஸ்டர் எங்கே நிற்கிறார், எந்தக் காலை முன்னே வைத்திருக்கிறார், ஒரு மண்ணும் தெரியவில்லை. இரண்டு நாள் ஏணியில் கிடந்து அவரே உண்டாக்கின இருட்டு. அதைப் பார்த்து அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பலகையில் பாதம் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேணாம் மாஸ்டர், சொன்னாக் கேளுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"ரெண்டு."

அன்சாரி இரண்டு கையையும் மேஜைமேல் போட்டு, இருந்த விளக்கையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளி ஏற்றினார்.

மேடை பட்டப்பகலானது. விளிம்பு தெரிந்தது, பள்ளம் தெரிந்தது, மேலே கூரையின் ஒட்டடைகூடத் தெரிந்தது. மாஸ்டர் முழங்காலை மடித்து, உடம்பை முன்னே சாய்த்து, பாய்கிற நிலையில் நின்றிருந்தார். முகமெல்லாம் வேர்வை. சும்மா காட்டுவதற்காக நின்ற நிலை இல்லை அது. அத்தனை வருஷம் ஆட்டம் பார்த்த கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அன்சாரி நாற்காலிகளில் இடித்துக்கொண்டு மேடையை நோக்கி ஓடினார். டீ குடிக்கப் போனவர்கள் கூச்சல் கேட்டுப் பக்கத்துத் திரையோரம் வந்து கூடிவிட்டார்கள். கையில் பையோடு செம்மலரும் நின்றாள்.

"என்னண்ணே, எல்லாத்தையும் போட்டுட்டீங்க?" என்றார் மாஸ்டர். "இருட்டு செத்துப்போச்சே."

"இருட்டு நாசமாப் போகட்டும்!" குருவைப் பார்த்து அன்சாரி குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. குரல் உடைந்தது. "கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? அந்தப் பள்ளத்துல விழுந்து கால் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? போன கால் திரும்பி வருமா?"

மாஸ்டர் மெதுவாக நிமிர்ந்தார். மேடை விளிம்பு வரைக்கும் நடந்து வந்து, செம்மலர் தொங்கிய இடத்தில் நின்று, கீழே நின்ற அன்சாரியைப் பார்த்தார்.

"ஏண்ணே, செம்மலருக்கு மட்டும் மாத்துக் கால் வச்சிருக்கீங்களா?"

அன்சாரி சுவரோரம் கிடந்த ஏணியை எடுக்கப் போனார்.