டிராயருக்குள் ஒரு லைசென்ஸ்

கணக்குப் புதிர் என்றால் தாளும் பேனாவும் போதும். இதற்குக் கொஞ்சம் மனசும் வேண்டும். சாவகாசமாக உட்கார்ந்து கேளுங்கள். போகிற போக்கில் நான் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

மலையடிவாரத்துக் காவல் நிலையம் ஒன்றில் ரங்கநாயகி எழுத்தராக இருந்தாள். தலைமைக் காவலர்தான், ஆனாலும் பதிவேடு, பீரோ, சாவி எல்லாம் அவள் பொறுப்பு. உள்ளாட்சித் தேர்தல் அறிவித்ததும், லைசென்ஸ் உள்ளவர்கள் அவரவர் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிப் போனார்கள். தேர்தல் முடிந்ததும் ரசீதையும் லைசென்ஸையும் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எப்போதும் நடக்கிற வேலைதான். இந்த முறை மட்டும் ஒரு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

காரணம், துப்பாக்கி ஒப்படைத்தவர்களில் ஒருவனான நாச்சிமுத்து. ஊராட்சித் தலைவர் பதவிக்கு அவனும் கூடப்பிறந்த தம்பி வேலுச்சாமியும் எதிரெதிராக நின்றார்கள். பத்தொன்பது ஓட்டில் தம்பி ஜெயித்தான். தோற்றதைக்கூட நாச்சிமுத்து பொறுத்திருப்பான். தம்பியின் ஆட்கள் அவன் வாசலிலேயே சரவெடி வெடித்தார்கள் பாருங்கள், அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

பதவியேற்புக்கு முந்தின நாள் காலை அவன் மனைவி தெய்வாத்தாள் ஸ்டேஷனுக்கு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கணவனின் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து ரங்கநாயகியின் மேசையில் வைத்தாள்.

"மூணு நாளாச் சோறு திங்கல அவரு. நாளைக்குத் தம்பி பதவி ஏத்துக்கறானாம். எப்படி உக்கார்றான்னு பாத்தர்றேன்னு செவுத்தப் பாத்துப் பேசறாருங்க. இது இல்லாமத் துப்பாக்கி குடுக்கமாட்டீங்கல்ல? நீங்களே வெச்சுக்குங்க. நாந்தான் கொண்டாந்தேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"புகாரா எழுதித் தாங்களேன்."

"எழுதிக் குடுத்தா உள்ள வெப்பீங்க. அப்பறம் எந்த மொகத்தோட நான் அந்த ஊட்டுல இருக்கறது?"

சொல்லமாட்டேன் என்று ரங்கநாயகி வாக்குக் கொடுத்தாள். தெய்வாத்தாள் கிளம்பும்போது ஒரு மஞ்சப்பை நிறையப் பச்சை நிலக்கடலையை மேசைக்கடியில் வைத்தாள். "கடைசிப் பாத்தியும் நேத்தோட பறிச்சாச்சுங்க. வேகவெச்சுத் தின்னுங்க."

அவள் போனபின் ரங்கநாயகி லைசென்ஸைப் புரட்டினாள். பயிர்ப் பாதுகாப்புக்காகக் கொடுத்தது. 'பயிர் நிற்கும் காலத்தில், தன் நிலத்துக்குள் மட்டும்' என்று நிபந்தனை எழுதியிருந்தது. டிராயருக்குள் போட்டு மூடினாள்.

ஆய்வாளர் ஜெபராஜிடம், நாச்சிமுத்துவின் முகம் சரியில்லை, இன்றைக்கு வந்து கேட்டால் துப்பாக்கி கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவர் பொல்லாத மனிதர் அல்ல. ஆனாலும் முடியாதென்று தலையை ஆட்டினார்.

"புகார் இல்ல, கேஸ் இல்ல. முகத்தைப் பாத்து நிறுத்தி வெக்க ஆரம்பிச்சோம்னா, அப்புறம் நமக்குப் பிடிக்காதவன் முகமெல்லாம் கோவமாத்தான் தெரியும். காகிதம் சரியா இருந்தாக் குடுத்துடுங்கம்மா."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

மூன்று மணிக்கு நாச்சிமுத்து வந்தான். சலவைச் சட்டை, பணிவான பேச்சு. அந்தப் பணிவே அவளைப் பயமுறுத்தியது.

"பன்னி வந்து கடலைக்காட்டப் பாடாப் படுத்துதுங்க மேடம். துப்பாக்கி வேணும்." ரசீதை நீட்டினான்.

"லைசென்ஸ்?"

"பொட்டில இருந்துச்சு, காணல." தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். "பொட்டிச் சாவி எம்பொண்டாட்டிகிட்டத்தான் இருக்குது. ஊட்டுக்குப் போயி அவகிட்டக் கேக்கற மாதிரி கேட்டுட்டு வர்றேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினான்.

இப்போது சொல்லுங்கள். ரங்கநாயகி வாயை மூடிக்கொண்டிருந்தால் தெய்வாத்தாளின் கதி என்ன? டிராயரைத் திறந்தால் வேலுச்சாமியின் கதி என்ன? உண்மையைப் போட்டு உடைத்தால் அவள் கொடுத்த வாக்கு என்ன ஆவது? காரணமில்லாமல் மறுத்தால் சட்டத்துக்குத்தான் என்ன மரியாதை? அவன் வாசற்படி இறங்குவதற்குள் அவள் என்ன செய்தால் சரி?

விடை: "உக்காருங்க, லைசென்ஸ் எங்ககிட்டதான் இருக்கு" என்று அவள் அதை எடுத்து மேசையில் வைத்தாள். பொய் இல்லை. "துப்பாக்கி ஒப்படைச்ச அன்னைக்கு இங்கயே வெச்சுட்டுப் போயிட்டனாட்ட இருக்குது" என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மஞ்சப்பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, நிபந்தனையை ஆய்வாளர் காதில் விழும்படி வாசித்தாள். "பயிர் நிக்கறப்பத்தான் இது செல்லும். வாங்க, துப்பாக்கியோட நாங்களும் ஜீப்புல வர்றோம். கடலை நிக்கறதைப் பாத்துட்டு, வரப்புலயே உங்க கையில குடுத்துடறோம்." இது முகம் பார்த்துச் சொன்ன காரணம் அல்ல, எழுதி வைத்த காரணம். ஆய்வாளர் மறுபேச்சில்லாமல் தொப்பியை எடுத்தார். நாச்சிமுத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "கடலை பறிச்சாச்சுங்க" என்றான். "தம்பியத் தோள்ல தூக்கி வளத்தவனுங்க மேடம் நானு. என் வாசல்லயே பட்டாசு வெடிக்கறான்" என்று சொல்லி அழுதான். அடுத்த விதைப்புக்கு வந்து வாங்கிக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். லைசென்ஸைப் பற்றி வீட்டில் யாரையும் அவன் கேட்கவில்லை. தெய்வாத்தாளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சோறு இருக்கிறதா என்று.