முப்பது முழ ஓலை

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டைக் கீர்த்திவளவன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் புதுசாக எதைக் கண்டாலும் வாயைப் பிளப்பான். நேற்று வாங்கியது இன்றைக்கே அவனுக்குப் பழசு.

இந்தப் பலவீனத்தைக் கணக்காகப் பிடித்துக்கொண்டவர் சதுரகிரிராயர் என்ற பிரதானி. அவர் ஒரு விசை ஏற்றம் செய்தார். பத்து பேர் இறைக்கும் தண்ணீரை ஒரே ஆள் இறைக்கலாம். ராஜா மயங்கிப்போய், "வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள்!" என்று பறையடித்துவிட்டான்.

ஏற்றத்தோடு ஓர் ஓலையும் வரும். முப்பது முழ நீளம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அடியில் கைநாட்டு வைத்தால்தான் ஏற்றம் அசையும். ஊரே வைத்தது, ஒருவரும் வாசிக்கவில்லை. சிரிக்காதீர்கள். கைபேசியில் 'சம்மதிக்கிறேன்' என்று வந்ததும் நாம் மட்டும் உட்கார்ந்து வாசித்தோமாக்கும்!

வாங்கியவர்களில் ஒருத்தி சுடலைவடிவு. ஆற்றங்கரையில் ஒரு கிணறும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்தாள். இருந்த இரண்டு மாட்டையும் விற்றுத்தான் ஏற்றம் வாங்கினாள். வாங்கிய மாதமே தலைவலி ஆரம்பித்தது. நடு இறைப்பில் ராயரின் ஆட்கள் வந்து, "ஏற்றத்தைப் புதுப்பிக்கிறோம், தொடாதே" என்பார்கள். புதுப்பித்த பிறகு முன்னைவிட மெதுவாக ஓடும்.

ஒருநாள் வடம் அறுந்தது. ராயரின் ஆட்களுக்குச் சொல்லியனுப்பினாள், வரவில்லை. அவளே தென்னை நாரில் வடம் திரித்துக் கட்டி இறைத்தாள். அப்போது மட்டும் பறந்து வந்தார்கள். "அனுமதியில்லாத வடம்!" என்று ஏற்றத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. கொடி தலை தொங்கிவிட்டது. இன்னும் இரண்டு நாள் போனால் கொடிக்கால் விறகுதான். அவள் இருந்த வெற்றிலையைக் கிள்ளித் தட்டில் அடுக்கிக்கொண்டு கோட்டைக்கு வந்தாள்.

சபை கூடியது. ராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"மகாராஜா, ஏற்றத்தை இவளுக்கு நாம் விற்கவில்லை. இறைத்துக்கொள்ள அனுமதிதான் கொடுத்தோம். எண்பத்தேழாவது நிபந்தனை, அந்நிய வடம் கட்டினால் அனுமதி ரத்து."

"கைநாட்டு வைத்தாயா?" என்று ராஜா கேட்டான்.

"வச்சேன் மகாராசா. வாசிச்சுக் காட்டுங்கன்னேன். எல்லாரும் வைக்காக, நீ மட்டும் என்ன அதிசயம்னு விரலைப் பிடிச்சு அமுக்கிட்டாக."

"வைத்தால் வைத்ததுதான். வழக்கு தள்ளுபடி!"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது எழுந்தார் மந்திரி குழைக்காதர். ஒல்லி உடம்பு, ஆனால் நாக்கில் சாணை பிடித்த கத்தி.

"நல்ல தீர்ப்பு மகாராஜா. வழக்கு முடிந்தால் தோற்றவர் ஜெயித்தவருக்குத் தாம்பூலம் தருவது நம் முறை. தாம்பூலத்தைத் தொட்டவர், தட்டோடு வந்த பேச்சு அத்தனைக்கும் கட்டுப்பட்டவர். சரிதானே?"

"அது பாட்டன் காலத்து வழக்கமாயிற்றே" என்றார் ராயர் பெருமையாக. சுடலைவடிவு நீட்டிய தட்டில், வெற்றிலைக்கு அடியில் ஓர் ஓலைச் சுருள் இருந்தது. அதை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, கொழுந்தாக நாலு எடுத்தார். மடியிலிருந்த வெள்ளிக் கரண்டகத்தைத் திறந்து சுண்ணாம்பு தடவி, வாயில் அதக்கிக்கொண்டார்.

மந்திரி சுருளைப் பிரித்தார். அன்று காலை கோட்டை வாசலில் அவள் சொன்னதைக் கேட்டு, அவரே எழுதித் தட்டில் வைத்த ஓலை அது.

"'இந்த வெற்றிலை உமக்குச் சொந்தமில்லை. மெல்ல மட்டும் அனுமதி. கொடிக்கால்காரி கொடுத்த சுண்ணாம்பைத் தவிர வேறு தடவினால் அனுமதி ரத்து. மென்ற வாய்க்குப் பூட்டுப் போடப்படும். சாவி சுடலைவடிவிடம் இருக்கும்.' யாரங்கே, கொல்லனைக் கூப்பிடு!"

கொல்லன் யானைக் கொட்டில் பூட்டோடு வாசலிலேயே தயாராக நின்றான். ராயர் வாய்ச் சாறு மார்பில் வழியக் கத்தினார்.

"அக்கிரமம்! என் வாய்! என் சுண்ணாம்பு! இதையெல்லாம் எவன் வாசிப்பான்?"

"என் கெணறு, என் வடம்யா" என்றாள் சுடலைவடிவு. "என்னுதுல மட்டும் பூட்டு தொங்கலாமாக்கும்?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் அவன் முகம் சுண்டிவிட்டது. ஊரெல்லாம் பறையடித்து வாங்க வைத்தவன் அவன்தானே.

"ராயரே, சாவி எல்லாவற்றையும் இங்கே வையும். ஏற்றம் வாங்கியவனுக்கே சொந்தம். அவன் எந்த வடத்தையும் கட்டட்டும், எவனைக் கொண்டும் பழுது பார்க்கட்டும். மந்திரியாரே, வாசிக்காமல் யாரும் கைநாட்டு வைக்கக் கூடாது என்று இப்போதே ஒரு சட்டம் எழுதும்!"

மந்திரி அங்கேயே உட்கார்ந்து எழுதினார். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதினார். ராஜா மையில் விரலைத் தோய்த்து ஒரே அமுக்கு. பின்னாலேயே நாற்பது பிரதானிகளும் வரிசையாக அமுக்கினார்கள். ராயர் இரண்டு தடவை அமுக்கினார், விசுவாசம் தெரியட்டும் என்று.

ஓலையை எடுத்து மந்திரி கடைசி வரியை வாசித்தார்.

"'இந்தச் சட்டத்தை வாசிக்காமல் இதில் கைநாட்டு வைத்தவர்கள், நாளை விடியற்காலை சுடலைவடிவின் கொடிக்காலுக்குப் போய், விசையில்லாத பழைய ஏற்றத்தில் பொழுது சாயும்வரை தண்ணீர் இறைக்க வேண்டும்.'"

ராஜா மந்திரியை முறைத்தான். பிறகு தன் விரலில் இருந்த மையைப் பார்த்தான்.

"வைத்தால் வைத்ததுதான்" என்று முனகினான்.

மறுநாள் மருதங்காட்டின் மொத்த அரசாங்கமும் ஆற்றங்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது. சுடலைவடிவின் கொடி அன்று சாயங்காலமே நிமிர்ந்துவிட்டது. ராஜா நிமிர மூன்று நாள் ஆயிற்று.