மூன்று தலைமுறை குடித்த தண்ணீர்

ஆண்டவன் எல்லாருக்கும்தான் வாயைக் கொடுத்தான். கொன்றைமாநகர்ச் சூடாமணியாருக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டான். அந்த ஊரிலேயே பெரிய வழக்குரைஞர் அவர். வாதத்தை ஓலையில் எழுதிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். சுமக்கவே இரண்டு ஆள். அவர் பேசினால் தூணில் இருக்கிற யாளிகூடத் தலையாட்டும் என்பார்கள். யாளியைப் பற்றி எனக்குத் தெரியாது. ராஜா விசயதேவர் ஆட்டுவார்.

அதே ஊரில் கோயிலுக்கு அரளிப்பூ மாலை கட்டிக் கொடுத்துப் பிழைத்தவள் செங்கமலம். கணவன் இல்லை. மாமனார் வழியில் வந்த ஒரு பழைய கிணறு, அதைச் சுற்றி அரளித் தோட்டம். அதுதான் அவளுக்கு எல்லாம்.

பக்கத்து மாளிகைக்காரர் தளவாய் வீரகேசரி. அவருக்கு வசந்த மண்டபம் கட்ட இடம் போதவில்லை. அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருந்தால், கிணறும் நிலமும் அந்தக் குடும்பத்துக்கே சொந்தம். தளவாய்க்கு அது போதும். தன் வீட்டார் மூன்று தலைமுறையாகச் செங்கமலத்தின் கிணற்றைத்தான் குடித்தார்கள் என்று வழக்குப் போட்டுவிட்டார். அவருக்காகப் பேச வந்தவர் சூடாமணியார்.

செங்கமலம் அழுதுகொண்டே மருதப்பரிடம் போனாள். அவர் ராஜசபையில் ஒரு மந்திரி. வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காகப் பேசுவார்.

"ஐயா, தளவாய் வீட்டு ஆள் ஒருத்தர்கூட அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்ததில்லை. அந்தத் தண்ணியை..." என்று மீதியை மெதுவாகச் சொன்னாள்.

மருதப்பர் சிரித்தார். "இதை வேற யார்கிட்டயும் சொன்னியா, தாயி?"

"இல்லைங்க. சபையில சொல்லிடட்டுமா?"

"வாயே திறக்காதே. நீ சொன்னா, அழுகிறவ ஏதோ சொல்றான்னு விட்டுடுவாங்க. அதைச் சொல்ல வேண்டியவர் வேற ஒருத்தர் இருக்கார். போய்ச் சாமி கும்பிட்டுட்டு நிம்மதியா இரு."

வழக்கு நாள் வந்தது. சூடாமணியார் முதல் ஓலையை எடுத்தார். தளவாயின் பாட்டனார் போரில் வென்றதைச் சொன்னார். அவர் களைத்து வந்து அந்தக் கிணற்றில் தாகம் தீர்த்ததைச் சொன்னார். ராஜா தலையாட்டினார்.

உச்சி வேளை ஆயிற்று. ஓலைக்கட்டில் பாதிகூடத் தீரவில்லை. செங்கமலம் பயந்துபோய் மருதப்பரைப் பார்த்தாள். அவரோ வெற்றிலையை மென்றுகொண்டு ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஆகா! அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே ஐயா?" என்றார்.

எதிராளியே கேட்கிறாரே! சூடாமணியாருக்கு உற்சாகம் பொங்கியது. அது ஓலையில் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

"இளநீர் தோற்கும், மகாராஜா! தளவாயின் தந்தையார் கடைசி மூச்சின்போது கங்கை நீரை விலக்கிவிட்டு, இந்தக் கிணற்று நீரைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தார்!"

தளவாயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கே அது புதுச் செய்தி.

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் ஐயா," என்றார் மருதப்பர்.

சூடாமணியார் சொன்னார். பொழுது சாயும்வரை சொன்னார். கடைசி ஓலையைக் கீழே வைக்கும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம். பேசி முடித்தவருக்கு எதிர்த்தரப்பார் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வாதத்தோடு பகை போகட்டும் என்று முன்னோர் வைத்தது. வாங்கிக் குடிக்காமல் இருந்தால் சபைக்கு அவமரியாதை.

செங்கமலம் செம்பை நீட்டினாள். சூடாமணியார் ஆவலாக வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

அவ்வளவுதான். கண் பிதுங்கியது. கன்னம் உப்பியது. விழுங்கவும் முடியவில்லை. ராஜா எதிரில் துப்பவும் முடியவில்லை. கொஞ்ச நேரம்தான் தாங்கினார். பிறகு வாயில் இருந்த அத்தனையும் அவருடைய ஓலைக்கட்டின் மேலேயே கொட்டிற்று.

"சீச்சீ! உப்பு! கரிக்கிறது! மனுஷன் குடிக்கிற தண்ணியா இது?" என்று கத்தினார்.

மருதப்பர் எழுந்தார். "மகாராஜா, அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் இது. காலையில் நம் அரண்மனைக் காவலரே இறைத்துக் கொண்டுவந்தார். அரளி உப்புத் தண்ணீரிலும் பூக்கும். செங்கமலம் குடிக்கக் கோயில் குளத்திலிருந்துதான் சுமக்கிறாள். ஐயா வாதாடினாரே தவிர, கிணற்றடிக்குப் போகவில்லை. என் தரப்பு வாதத்தையும் அவரே பேசி முடித்துவிட்டதால், நான் உட்காருகிறேன்."

உட்கார்ந்தும்விட்டார்.

காவலர் ஆமாம் என்றார். ராஜாவும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கிணறும் தோட்டமும் செங்கமலத்துக்கே," என்றார். "சபைப் பொன்னாடை மருதப்பருக்கு. ஆனால் தளவாயே, இத்தனை நேரம் அவ்வளவு அழகாகப் பேசியதை நான் வீணாக்கலாமா? இளநீரைத் தோற்கடித்த தண்ணீர் அல்லவா! குடிக்கிற உரிமையை மட்டும் உங்களுக்கே கொடுக்கிறேன். நாளை முதல் தினம் ஒரு குடம் உங்கள் வீட்டுக்கு வரும். நீங்களும் உங்கள் வழக்குரைஞரும் பகிர்ந்து குடிக்கிறீர்களா என்று காவலர் நின்று பார்ப்பார்."

தளவாய் பதறிப்போய்ச் சூடாமணியாரைப் பார்த்தார். சூடாமணியார் நனைந்த ஓலைக்கட்டைப் பார்த்தார். பிறகு கையைக் கூப்பினார்.

"வேண்டாம், மகாராஜா."

அவர் ஆயுசில் செய்த வாதங்களிலேயே சுருக்கமானது அதுதான். ராஜா அதை உடனே ஏற்றுக்கொண்டார்.