மட்டைக் குவியலுக்குள் போன கார்

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும் என்று எவன் சொன்னான்? உடன்குடிப் பக்கம் ஒரு குரு இருந்தாள். பெயர் ஜெசிந்தா, முப்பத்திரண்டு வயது. வெயிலோ மழையோ, கையில் ஒரு நீளக் குடை இருக்கும். அவள் சொல்லிக் கொடுத்த ஞானம் கார் ஓட்டுவது.

அவளிடம் வந்து சேர்ந்த சிஷ்யைகளிலேயே மூத்தவள் சொர்ணக்கனி. ஐம்பத்தெட்டு வயதில் வந்து நின்று, "எனக்கெல்லாம் இது வருமா டீச்சர்?" என்று கேட்டாள். வந்தது. ஜம்மென்று வந்தது.

அந்த வயதில் அவளுக்கு ஏன் இந்த ஆசை என்றால், புருஷனுக்காகத்தான். பொன்னுத்துரைக்குப் பார்வை போய்விட்டது. ஆனால் சாயங்காலம் ஆனால் மனுஷன் கடற்கரைக்குப் போயாக வேண்டும். "கண்ணு போனா என்ன? அலை காதுக்குத்தானே வருது" என்பார். அந்தக் கரைக்கு பஸ் கிடையாது. ஆட்டோக்காரன் வந்தால், மணலில் போய் உட்காருவதற்குள் ஹாரன் அடிப்பான். மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன ஆட்டோமேட்டிக் கார் வீட்டில் சும்மா நின்றது. சொர்ணக்கனி பழகினாள். அதிலிருந்து தினமும் கடல்தான், பொரிகடலைதான், சந்தோஷம்தான்.

அதில் மண்ணைப் போட்டது நம் ஆட்களின் பழைய புத்தி. சோபா வாங்கினால் அழுக்காகும் என்று ஒரு துணி போடுவோம். அந்தத் துணி அழுக்காகும் என்று மேலே இன்னொன்று போடுவோம். காரின் தரை விரிப்பில் கடல் மணல் ஒட்டுகிறதே என்று சொர்ணக்கனி அதன்மேல் ஒரு கயிற்று மிதியடியைப் போட்டாள். அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, ஒருநாள் ஆக்சிலேட்டரை அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

கார் பாய்ந்தது. சொர்ணக்கனி பிரேக்கை மிதித்தாள், விட்டாள், மிதித்தாள், விட்டாள். "முருகா! முருகா!" என்று அலறினாள்.

"ஏளா, இன்னைக்கு என்ன இம்புட்டு அவசரம்? கடல் எங்கயும் ஓடிராது" என்றார் பொன்னுத்துரை.

அதற்குள் கார் ரோட்டோரத் தேங்காய் மட்டைக் குவியலுக்குள் போய்ப் புதைந்து நின்றது. அப்போதும் உறுமல் அடங்கவில்லை. கையால் தடவிச் சாவியைத் திருகி அணைத்தவர் அவர்தான்.

நல்ல வேளை, இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு விளக்கு மட்டும் உடைந்தது. மெக்கானிக் அந்த மிதியடியை உருவி அவள் கையில் கொடுத்து, "இதுதாம்மா சனியன்" என்றான்.

சனியன் போனது, பயம் போகவில்லை. சொர்ணக்கனி அதற்கப்புறம் காரைத் தொடவே இல்லை. பொன்னுத்துரையும் கடலுக்குப் போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. சாயங்காலம் ஆனால் நாற்காலியைக் கடல் இருக்கிற கிழக்கே பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து எந்த அலையும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில், கார் கண்ணில் பட்டால்தானே வேதனை என்று அதை விற்கவே துணிந்தாள். நாசரேத்துக்காரர் ஒருவர் மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. சேதி கேட்டு ஜெசிந்தா வந்து நின்றாள்.

"ஏன் சித்தி விக்கீங்க?"

"பயமா இருக்கு டீச்சர்."

"மிதியடியத்தான் எடுத்தாச்சே?"

"இன்னைக்கு மிதியடி. நாளைக்கு வேற ஒண்ணு மாட்டும். அப்ப நான் என்ன செய்வேன், சொல்லுங்க?"

ஜெசிந்தா கையை நீட்டினாள். சாவியை வாங்கினாள். இருவரையும் ஏற்றிக்கொண்டு தண்ணீர் வற்றிக் கிடந்த குளத்துக்கு ஓட்டிப் போனாள். பொன்னுத்துரையைக் கரையில் மரத்தடியில் உட்கார வைத்தாள். காரைக் குளத்துக்குள் இறக்கி, சொர்ணக்கனியை ஸ்டியரிங்கில் உட்காரச் சொல்லி, குடையோடு பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"மெல்லப் போங்க."

சொர்ணக்கனி காரை நகர்த்தினாள். கொஞ்ச தூரம் போனதும் ஜெசிந்தா குடையை நீட்டி, அதன் நுனியால் ஆக்சிலேட்டரை ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"ஐயையோ! டீச்சர், எடுங்க!"

"எடுக்க மாட்டேன். பிரேக்."

"மிதிக்கேன், மிதிக்கேன்!"

"விட்டு விட்டு மிதிக்காதீங்க. ஒரே அமுக்கு. அமுக்குனபடி இருங்க."

"அமுக்கிட்டேன்!"

"இப்ப கியரை நியூட்ரல்ல தள்ளுங்க."

தள்ளினாள். இன்ஜின் ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தியது. ஆனால் கார் இழுவை அற்று, தளர்ந்து, நின்றுவிட்டது. குடை இன்னும் அமுக்கியபடியேதான் இருந்தது.

"கத்துதே டீச்சர்! இன்னும் கத்துதே!"

"போகுதா?"

சொர்ணக்கனி ஜன்னல் வழியே பார்த்தாள். பக்கத்தில் ஒரு எருக்கஞ்செடி. அது நின்ற இடத்திலேயே நின்றது.

"போகல."

"நின்னாச்சுல்லா? கியர்ல இல்லாத இன்ஜின் கத்தத்தான் செய்யும், இழுக்காது. இப்ப அணைங்க."

மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடி குடை. வெயில் சாயும்வரை அதே பாடம். கடைசித் தடவை ஜெசிந்தா வாயே திறக்கவில்லை. சொர்ணக்கனியின் காலும் கையும் தாமாகவே வேலையை முடித்தன.

கரையிலிருந்து பொன்னுத்துரையின் குரல் வந்தது: "ஏளா! மரத்துல கெடந்த மைனா பூராவும் பறந்துட்டு! இந்தக் கத்துக் கத்துதே, ஒன் கார் என்ன இன்னும் இங்க வந்து சேரல?"

சொர்ணக்கனி எத்தனையோ நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

காரைக் கரை மேட்டில் ஏற்றி நிறுத்தி, அவரைக் கைப்பிடித்து முன் சீட்டில் உட்கார வைத்தாள். மனுஷன் முகம் தானாகக் கிழக்கே திரும்பியது. வாய் மட்டும் கேட்கவில்லை. முன்னமே இறங்கியிருந்த ஜெசிந்தா வெளியிலேயே நின்றாள்.

"நீங்க வரலையா டீச்சர்?"

"நான் எதுக்கு? எனக்கு பஸ் இருக்கு."

சொர்ணக்கனி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"காரு சரி டீச்சர். இங்க இன்னும் கத்துதே" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இது அடங்குனப்புறம் ஓட்டுனா ஆகாதா?"

ஜெசிந்தா குடையை விரித்தாள்.

"கத்தட்டும் சித்தி. அதைக் கியர்ல மட்டும் போட்டுறாதீங்க."