கிணற்றில் முளைத்த பூஜை

குன்னூர்ச் சரிவில் விடுதி கட்ட மண்ணை வெட்டிக் குவித்த பூபதி, குவியலைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கவில்லை. முதல் மழையிலேயே மண் கரைந்து இறங்கி, கீழே இருந்த மாராத்தாளின் கிணற்றை மூடிவிட்டது.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் பூபதி சிரித்தார். "மழைன்னா மலையே இறங்கும் சார். இது என் மண்ணுன்னு இந்தம்மா நிரூபிக்கட்டும்."

மாராத்தாள் கிணற்றைக் காட்டினாள். சேற்றின்மேல் நெல்லும் கொள்ளும் எள்ளும் மொச்சையும் கலந்து முளைத்திருந்தன.

"போன மாசம் பூமி பூஜையில உங்க கையால போட்ட நவதானியமுங்க. எங்கூட்டுக் கிணத்துல வந்து முளைச்சிருக்குது. கும்பிட்டுட்டுப் போங்க முதலாளி."

குவியலைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கச் சொல்லி அதிகாரி அங்கேயே உத்தரவு எழுதினார். பூபதி தலைகுனிந்து கையெழுத்துப் போட்டார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மாராத்தாள் காலிக் குடத்தோடு நின்றாள். கிணற்றைத் தூர்வாரித் தரச் சொல்லி உத்தரவில் ஒரு வரியும் இல்லை. மேற்கே மறுபடி மேகம் கட்டியிருந்தது.