விருந்தாளியின் பெயர்

தளவாய்க்கு நாற்பத்தாறு வயது. அரசுக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்துகிறான். காதோரம் நரைக்கும் முன்பே சேர்ந்தவன். இன்னமும் கௌரவ விரிவுரையாளர்தான்.

துறை வாசலில் புதிதாகப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். அதில் அவன் பெயர் இல்லை. அலுவலகத்தில் விசாரித்தான். விருந்தாளி பெயரை எந்த வீட்டுக்காரராவது வாசலில் எழுதுவாரா என்று கண்காணிப்பாளர் சிரித்தார். ஆங்கிலத்தில் அந்தப் பதவிக்கு கெஸ்ட் லெக்சரர் என்று பெயர்.

தளவாய் சண்டை போடவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. மதியம் விடுப்பு சொல்லிவிட்டு, தன் ஆய்வுக்கு வழிகாட்டிய ரெஜினா மேடத்தின் வீட்டுக்குப் போனான். ஓய்வு பெற்ற பிறகு பல்கலைக்கழகம் அவருக்குத் தகைசால் பேராசிரியர் என்று பட்டம் கொடுத்து, தொடர்ந்து வகுப்பெடுக்க அழைத்திருந்தது. முழங்கால் வலியோடு அங்கே போகத்தான் புறப்பட்டு நின்றார். அவனையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்.

வழியில் எல்லாவற்றையும் சொன்னான். வேலையை விட்டுவிடப் போவதாகவும் சொன்னான்.

"தமிழ்ல கௌரவம்ங்கிறாங்க. இங்கிலீஷ்ல விருந்தாளிங்கிறாங்க. இதுல நான் யாரு மேடம்?"

மேடத்தின் முகத்தில் வெயில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

பல்கலைக்கழக வாசலில் காவலாளி ஆட்டோவை நிறுத்தினார். வேலைக்குப் புதியவர். யார் நீங்கள் என்று கேட்டார். மேடம் தன் பட்டத்தைச் சொல்வார் என்று தளவாய் காத்திருந்தான்.

"வகுப்பு இருக்கு தம்பி. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்" என்றார் ரெஜினா.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

"தகைசால் பேராசிரியர்னு சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொன்னா, அப்படின்னா என்னன்னு கேப்பாரு. எனக்கே சரியாத் தெரியாது."

தளவாய்க்குச் சிரிப்பு வரவில்லை. கட்டடத்துக்குள் நுழைந்து, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து அவர் ஒவ்வொரு படியாக ஏறினார். அவன் பின்னாலேயே ஏறினான். பெரியவர்கள் இப்படித்தான், அடங்கிப் போகச் சொல்வார்கள் என்று தோன்றியது.

"அப்போ நான் பேசாம இருந்துடணுமா?"

ரெஜினா நடுப்படியில் நின்றார். மூச்சு வாங்கியது.

"எதுக்கு இருக்கணும்? பேரை எழுதுங்கன்னு கேளு. எழுதுற வரைக்கும் கேளு. அது உனக்குச் சேர வேண்டியது."

மேல்படியைப் பார்த்தார். இன்னும் பாதி இருந்தது.

"நான் யாருன்னு மட்டும் அவங்ககிட்ட போய்க் கேக்காதே."