கரையாத மண்கட்டி

மலையடிவாரத்துக் கன்னியர் மடத்தில் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்தைச் செய்பவர் சிஸ்டர் பிலோமினா. வயது முப்பத்தெட்டு. அவரிடம் கற்றுக்கொள்ள வந்து நின்ற சவரியப்பனுக்கு அறுபத்து நான்கு.

"என் மூத்த மகளுக்கும் உங்க வயசுதான், சிஸ்டர். இருந்தாலும் நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும்."

"மகள்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?"

"அவ கடையில வாங்கச் சொல்றா."

சிஸ்டர் சிரித்துவிட்டார். சவரியப்பன் சிரிக்கவில்லை. அவர் மனைவி சலேத்தம்மாள் சாகும்போது, தன் ஆண்டு நினைவுப் பூசையில் தங்கள் தோட்டத்து ரசத்தை வைக்கச் சொல்லியிருந்தாள். அதற்கு இன்னும் நாலு மாதம்தான் இருந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டார். முதல் ஜாடி பூசணம் பிடித்தது. இரண்டாவது காடியாகிப் போனது.

"நீங்க என்ன சேக்குறீங்க, சிஸ்டர்?"

"ஒண்ணும் சேக்கக் கூடாது. சர்க்கரையும் கூடாது, ஈஸ்டும் கூடாது. எங்க மடத்து வழக்கம் அது."

அவர் இரண்டு சின்னக் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். ஒன்று நாக்கில் கனத்து இனித்தது. மற்றது மெலிந்து, லேசாகப் புளித்தது.

"ரெண்டு தோட்டமா?"

"ஒரே கொடி. அது சித்திரை வெயில்ல பழுத்தது. இது ஆடிச் சாரல்ல."

சவரியப்பன் கிண்ணத்தைக் கீழே வைக்க மறந்து நின்றார். நாற்பது வருடம் திராட்சை போட்டவர். மழையின் ருசியை அவர் அறிந்ததில்லை.

"பழத்தைக் கழுவினீங்களா, ஐயா?"

"கழுவாம? நாங்க அடிக்கிற மருந்துக்கு மூணு தண்ணியில அலசணும்."

சிஸ்டர் பந்தலிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து விரலால் தேய்த்தார். சாம்பல் பூத்தது போலிருந்த தோல் கறுத்துப் பளபளத்தது.

"நொதிக்க வைக்கிற ஈஸ்ட் தானாவே இந்த வெள்ளையில இருக்கு. மருந்துல பாதி போயிருக்கும். மீதியை நீங்க அலசிட்டீங்க."

"அப்ப அடுத்த காய்ப்புக்கு மருந்தை நிறுத்திடுறேன். சரியாயிடுமா?"

"அதை மண்ணுதான் சொல்லணும். தோட்டத்து நாலு மூலையிலயும் மண்கட்டி எடுத்துக் காயவச்சுக் கொண்டு வாங்க."

மூன்றாம் நாள் நாலு பொட்டலத்தோடு வந்தார். சிஸ்டர் நாலு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மூலையின் கட்டியை விட்டார்.

முதல் கட்டி ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் கரைந்து சேறாயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

நாலாவது கரையவில்லை. சின்னச் சின்னக் குமிழ்களை விட்டுக்கொண்டு, போட்ட வடிவிலேயே அடியில் கிடந்தது. அதிலிருந்து தலைமுடி போல ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மண்ணுக்குத்தான் உயிர் இருக்கு. வேரும் மக்கும் கட்டிப் பிடிச்சிருக்கு, அதான் கரையலை. இது எந்த மூலை?"

"கிணத்து மூலை." அவர் குரல் இறங்கியது. "பாத்திரம் கழுவின தண்ணி, சாணி, சருகு எல்லாத்தையும் எம் பொஞ்சாதி அங்கதான் கொட்டுவா. அங்க ரெண்டு கொடி. மருந்தடிக்கிற ஆளைக் கிட்டவே விடமாட்டா. குருவிக்கு இருக்கட்டும்பா. என்ன, குருவிக்குச் சத்திரம் கட்டி வச்சிருக்கியான்னு ஆளுங்க முன்னாடியே கேப்பேன்."

"அவங்க என்ன சொல்வாங்க?"

"சிரிச்சுக்குவா."

தம்ளரில் இன்னொரு குமிழ் மேலே வந்து உடைந்தது.

"அந்த ரெண்டு கொடியும் இருக்கா?"

சவரியப்பன் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிட்டேன். முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுவாரம். காய்ப்பு கம்மி. அதுலேருந்து பூச்சி பரவும்னு நெனச்சேன்."

சிஸ்டர் உள்ளே போனார். கவாத்தில் வெட்டி வைத்த குச்சிகளில் இரண்டை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"அந்த மூலையில நடுங்க."

"ரசம் எடுக்க எவ்வளவு நாளாகும்?"

"மூணு வருஷம்."

"பூசைக்கு நாலு மாசந்தான் இருக்கு, சிஸ்டர். சாகும்போது கேட்டது."

"முதல் வருஷத்துக்கே வேணும்னு கேட்டாங்களா?"

"ஆண்டுப் பூசைக்குன்னு..." அவர் நிறுத்தினார். "எந்த வருஷம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொன்னா. மூலையைப் பாத்துக்கங்க, மூலையைப் பாத்துக்கங்கன்னு. காய்ச்சல்ல ஏதோ பிதற்றுறாள்னு விட்டுட்டேன்."

சிஸ்டர் நாலாவது தம்ளரின் தண்ணீரை மெல்ல வடித்து, உடையாத அந்தக் கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சாக்கு காயுறதுக்குள்ள போய்ச் சேருங்க, ஐயா."